அறுத்தும் அறுபடாத நாடா (ஒலிப்பதிவின் கதை – 14)

ஒலிநாடா ஆண்ட காலத்தைச் சென்ற பகுதியோடு முடித்தோம். இனி வருவது கணினியின் காலம். இந்தக் கட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: லட்சக்கணக்கில் கொட்டிக் கட்டிய ஒலிப்பதிவுக் கூடம் மேசைக் கணினிக்குள் சுருங்கியது, கோடம்பாக்கத்தில் மட்டுமே நடந்த வேலை வீட்டு அறைக்கு வந்தது, ஆர்வம் உள்ள யாரும் பாட்டுப் போடலாம் என்றாயிற்று. கதையில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் சின்னாளப்பட்டி போன்ற ஓர் ஊரை உரைகல்லாக வைத்து உரசிப் பார்த்தால் அதில் எது தேறும், எது தேறாது என்று தெரிந்துவிடும். டி.ஏ.டபிள்யூ என்று இசைக்காரர்கள் சொல்லும் பதிவு மென்பொருள் தமிழ் இசையில் உண்டாக்கிய பெரிய மாற்றம், முடிவு எடுக்கும் நேரத்தை மாற்றியதுதான் என்பது என் வாதம். ஒரு பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை அதுவரை ஒலி எழும்பும் முன்பே தீர்மானித்தார்கள். இந்த மென்பொருள் வந்தபின் பதிந்து முடித்த பிறகு தீர்மானிக்கிறார்கள். இடம், விலை, வேலையிழப்பு, கூலி என்று நாம் தனித்தனியாகப் பேசும் எல்லாம் அந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தவை.

முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டு வேலையில் இறங்குவதைச் சின்னாளப்பட்டியில் தனியாக விளக்க வேண்டியதில்லை. சுங்குடிக்குப் பேர்போன ஊர் அது. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடியில் எந்தப் புள்ளி வெள்ளையாக நிற்க வேண்டும் என்பது, துணி சாயத்தொட்டியில் இறங்கும் முன்பே முடிவாகிவிடும். ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியிலும் அப்படித்தான். கரையில் வரவேண்டிய பூவும் கொடியும் முதலில் அட்டையில் துளைகளாக ஏற வேண்டும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய இழை உயரும், அதன் பிறகுதான் ஊடை ஓடும். நெய்து முடித்த முழத்தில் இந்தப் பூவை இரண்டு இழை தள்ளி வைக்கலாமே என்று யாரும் சொல்ல முடியாது. ஜோசப் மரி ஜக்கார்டு பிரான்சில் 1804-ல் உருவாக்கிய இந்த ஏற்பாட்டுக்கும் இன்றைய பதிவு மென்பொருளுக்கும் ரத்த உறவே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய தானியங்கிப் பியானோ, துளையிட்ட காகிதச் சுருளைப் படித்துத் தானாக வாசித்தது. மென்பொருளில் சுரங்களைச் சின்னச் சின்னப் பட்டைகளாக அடுக்கும் சாளரத்துக்கு இன்றைக்கும் ‘பியானோ ரோல்’ என்றுதான் பெயர். மேலும் கீழுமாகச் சுரம், இடமிருந்து வலமாகக் காலம். கரைக்கு டிசைன் போடுகிறவர் கட்டம் நிரப்பும் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வம்சம் என்பது கண்ணுக்கே தெரியும்.

தமிழ்த் திரையிசையும் வெகுகாலம் அந்தத் தறி ஒழுங்கில்தான் நடந்தது. பாடுகிறவரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் நின்று, ஒரே நேரத்தில் பாடி வாசித்து, ஒரே தடத்தில் பதிந்த காலத்தில் கடைசிச் சரணத்தில் புல்லாங்குழல் பிசகினால் பல்லவியிலிருந்து எல்லாரும் மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே மைக் திறக்கும் முன்பே எல்லாம் முடிவாகியிருக்க வேண்டியிருந்தது. இதன் உச்சம் இளையராஜாவின் முறை. வயலின் குழு எதை வாசிக்க வேண்டும், பேஸ் கிடார் எங்கே நுழைய வேண்டும், எங்கே மௌனம் என்பதையெல்லாம் தாளில் நொட்டேஷனாக எழுதிவிட்டுத்தான் அவர் ஒத்திகைக்குப் போனார். எழுதிய பிரதிகள் வாத்தியக்காரர்களின் ஸ்டாண்டில் ஏறும், ஒத்திகை நடக்கும், ஒரு கால்ஷீட்டுக்குள் பாட்டு முடியும். ‘அன்னக்கிளி’ வந்த 1976 தொடங்கி ஆண்டுக்குப் பல படங்கள் என்ற வேகத்தை அவர் எட்ட முடிந்ததற்கு மேதைமை ஒரு காரணம் என்றால், சிந்தனை வேலை முழுவதும் தாளிலேயே முடிந்துவிட்டது இன்னொரு காரணம். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மிச்சம் இருந்தது நெசவு மட்டும்.

கணினி இந்த ஒழுங்கைக் குலைத்தது எப்போது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் ஆண்டுகள் இரண்டு: 1986, 1992. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. 1986-ல் ‘விக்ரம்’ வந்தது, ‘புன்னகை மன்னன்’ வந்தது. இரண்டிலும் கமல்ஹாசன், இரண்டுக்கும் இளையராஜா இசை. கணினி கொண்டு பாட்டு உருவாக்கிய முதல் படம் என்ற பெருமையை ஒரு சாரார் முன்னதற்கும் இன்னொரு சாரார் பின்னதற்கும் கொடுக்கிறார்கள். எது முதல் என்பதைவிட அந்தக் கணினி என்ன செய்தது என்பதே முக்கியமான கேள்வி. 1983-ல் நடைமுறைக்கு வந்த மிடி என்ற பொது ஒழுங்கு, வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு வாத்தியங்களை ஒன்றோடொன்று பேச வைத்தது. அதில் போவது ஒலி அல்ல, கட்டளை: எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது தொடங்கி எப்போது விட வேண்டும். ஒரு சுரம் தொடங்க மூன்றே பைட்டு. கணினி அந்தக் கட்டளைகளை வரிசையாக வைத்துக்கொண்டு சிந்தசைஸரை வாசிக்க வைக்கும். சீக்வென்ஸர் என்பது அதுதான். ஒலியைப் பதிவது வேறு கணக்கு. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் இரண்டு பைட்டு, இடம் வலம் என்று இரண்டு தடங்கள். ஆக நொடிக்கு 1,76,400 பைட்டு. 1980-களின் பின்பாதியில் உலகெங்கும் இசைக்கூடங்களில் புகுந்த அட்டாரி எஸ்டி கணினியின் ஃப்ளாப்பி 720 கிலோபைட்டு கொள்ளும். அதில் நான்கு நொடிக்கு மேல் ஒலி அடங்காது. பல்லவியின் முதல் வரி முடிவதற்குள் நிரம்பிவிடும். அதே ஃப்ளாப்பியில் ஒரு படத்தின் பாட்டுகள் அத்தனைக்கும் கட்டளைகளை எழுதிவைத்துவிடலாம்.

‘ரோஜா’ 1992 ஆகஸ்ட் 15-ல் வெளியானபோது நடந்ததும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டிக் கட்டிய பஞ்சதன் கூடத்தில் விளம்பரப் பாட்டுகள் செய்து தேர்ந்திருந்தார். தாயாரின் நகைகளை விற்ற பணத்தில் பதிவுக் கருவி வாங்கியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கூடத்தில் தாளத்தையும் சிந்தசைஸர் ஒலிகளையும் சீக்வென்ஸர் ஓட்டியது. குரலும் புல்லாங்குழலும் நாடாவில்தான் ஏறின. கேட்டவர்களுக்கு ஒலி புதிதாக இருந்தது உண்மை. ஆனால் சீக்வென்ஸர் தாளக்கட்டும் ஜக்கார்டு அட்டையைப் போலத்தான்: முன்பே துளையிட்டது. வாசிக்கிறவரின் இடத்துக்கு எந்திரம் வந்தது. முடிவெடுக்கும் இடம் இன்னும் பதிவுக்கு முன்னால்தான் இருந்தது. பாடுகிறவரின் தொண்டை இன்னும் கணினிக்குள் போகவில்லை.

அது போனது வேறொரு வழியாக. பதிவு மென்பொருளுக்கு இரண்டு மூதாதையர்கள். ஒருபுறம் சீக்வென்ஸர் வம்சம்: கார்ல் ஸ்டைன்பெர்க்கும் மன்ஃப்ரெட் ரூருப்பும் ஹாம்பர்க்கில் 1984-ல் தொடங்கிய நிறுவனம் 1989-ல் கியூபேஸை வெளியிட்டது; நொட்டேட்டர் என்ற இன்னொரு ஜெர்மன் மென்பொருள் பின்னாளில் லாஜிக் ஆகி, 2002-ல் ஆப்பிள் கைக்குப் போனது. மறுபுறம் நாடா வம்சம்: கலிபோர்னியாவில் பீட்டர் காட்சர், இவான் புரூக்ஸ் என்ற இருவரின் டிஜிடிசைன் நிறுவனம் 1989-ல் சவுண்ட் டூல்ஸையும் 1991-ல் ப்ரோ டூல்ஸையும் கொண்டுவந்தது. முதல் ப்ரோ டூல்ஸ் நான்கே தடங்கள். விலை சுமார் 6,000 டாலர். ரூபாயின் மதிப்பைக் குறைத்த அந்த ஆண்டின் கணக்கில் ஒன்றரை லட்சம், இறக்குமதித் தீர்வை தனி. முதல் வம்சம் காலத்தைத் தாள எண்ணிக்கையில் அளந்தது, இரண்டாவது நிமிடத்திலும் நொடியிலும் அளந்தது. 1990-களில் இரண்டும் கலந்தன. 1996-ல் வந்த கியூபேஸ் வி.எஸ்.டி, கலவையையும் எதிரொலி போன்ற சேர்மானங்களையும் சாதாரணக் கணினிக்குள்ளேயே செய்து காட்டியபோது, ஒலிப்பதிவுக் கூடத்தின் பெரும்பாலான உறுப்புகள் மென்பொருளாகிவிட்டன.

அங்கே நிகழ்ந்த ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நாடாவை வெட்டுவது என்றால் பிளேடால் வெட்டுவது. சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சொல் தொடங்கும் இடத்தைக் காதால் கண்டு, பென்சிலால் குறித்து, உலோகக் கட்டையின் சாய்ந்த பள்ளத்தில் நாடாவைப் படியவைத்து அறுத்து, ஒட்டுநாடாவால் சேர்ப்பார்கள். தவறிப்போனால் அறுந்தது அறுந்ததுதான். மென்பொருளில் ஒரு வரியை வெட்டும்போது வட்டில் இருக்கும் கோப்பு வெட்டுப்படுவதே இல்லை. எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை படிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் மாறுகிறது. திரையில் துண்டு துண்டாகக் கிடப்பவை குறிப்புகள்; அசல் முழுசாக அடியில் இருக்கிறது. ஒரே வரியின் பத்து டேக்குகளையும் அழிக்காமல் வைத்திருக்கலாம், மூன்றாவதிலிருந்து முதல் சொல்லையும் எட்டாவதிலிருந்து கமகத்தையும் எடுத்து ஒட்டலாம், அடுத்த மாதம் மனம் மாறினால் பிரித்துவிடலாம். இந்த வசதி கைக்கு வந்தவுடன் ரஹ்மானின் வேலைமுறை அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. பாடகர்கள் பலர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஒரே வரியை விதவிதமாகப் பாடச் சொன்னார், மனம்போனபடி இழுக்கச் சொன்னார், பாட்டு எப்படி முடிந்தது என்பது வெளிவந்த பிறகே தெரிந்தது. நான்கு முறை தேசிய விருது பெற்ற ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் போன்றவர்கள் அந்தக் குவியலிலிருந்து பாட்டைத் திரட்டும் வேலையையே ஒரு கலையாக வளர்த்தார்கள். இசையமைப்பு என்பது எழுதுவதிலிருந்து தேர்ந்தெடுப்பதற்கு நகர்ந்தது. 2011 நவம்பரில் உலகைச் சுற்றிய ‘கொலவெறி’ பாட்டில், மெட்டுக்கு விளையாட்டாகப் பாடிப் பார்த்த வரிகளே பாட்டாக நின்றுவிட்டன. பழைய ஒழுங்கில் அப்படிப்பட்ட வரிகள் ஒத்திகையோடு கரைந்திருக்கும். எல்லாம் பதிவாகும் உலகில் முயற்சிக்கும் முடிவுக்கும் நடுவே சுவர் இல்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. பலதட நாடா வந்தபோதே இதெல்லாம் தொடங்கிவிட்டதே என்பார்கள். லெஸ் பால் 1950-களிலேயே எட்டுத் தடக் கருவியில் தன்மேல் தானே அடுக்கி வாசித்தார். பீட்டில்ஸ் குழு 1967-ல் ‘சார்ஜண்ட் பெப்பர்’ தொகுப்பை நான்கு தடக் கருவியில் அடுக்கடுக்காகக் கட்டியது. நம் ஊரிலும் ட்ராக் பாடகர் ஒருவர் முதலில் பாடிவைப்பதும், பெரிய பாடகர் வேறொரு நாள் வந்து அந்த இடத்தில் தன் குரலை ஏற்றுவதும் கணினிக்கு முந்திய வழக்கம். மறுக்கவில்லை. ஆனால் நாடாவில் ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் ஒரு விலை இருந்தது. நான்கு தடத்தில் மூன்று நிறைந்ததும் அவற்றைக் கலந்து நான்காவதில் ஏற்றினால்தான் புதிதாக இடம் கிடைக்கும். கலந்த கணத்தில் அந்த மூன்றின் அளவு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பஞ்ச் செய்து, அதாவது ஓடும் நாடாவில் அந்த இடத்தின் மேல் மட்டும் மறுபடி பதிந்து, ஒரு சொல்லைத் திருத்தினால் பழைய சொல் அழியும். ஆகவே நாடாவில் முடிவைத் தள்ளிப்போடலாம், ஆனால் அடுத்த படிவரைதான். அதிலும் முக்கியமானது, அந்த முடிவை எடுக்கும்போது வாசித்தவர் பெரும்பாலும் அங்கேயே நின்றார். ‘ஒன் மோர்’ போகலாமா என்று பொறியாளர் கேட்டார், வயலின்காரர் தலையாட்டினார் அல்லது முகம் சுளித்தார். மென்பொருள் அந்தக் கூட்டு முடிவைக் கலைத்து, பின்னிரவில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் மொத்தமாக ஒப்படைத்தது. எனக்கு இது தடங்களின் எண்ணிக்கை கூடியதைவிடப் பெரிய மாற்றமாகப் படுகிறது.

இரண்டாவது மறுப்பு ஊரைப் பற்றியது. கூடமே இல்லாத ஊருக்குக் கூடம் கிடைத்ததே, அதைவிடப் பெரிய மாற்றம் உண்டா என்று கேட்கலாம். இதற்குப் பதில் சொல்லத்தான் சின்னாளப்பட்டி வேண்டும். மென்பொருளின் விலை இறங்கிய கதை உண்மையிலேயே அசாத்தியமானது. 1991-ல் ஒன்றரை லட்சம்; 2000-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த ஆடாசிட்டி இலவசம்; 2004-ல் ஆப்பிள் கணினிகளோடு கராஜ்பேண்ட் வந்தது; 2018-ல் கேக்வாக் என்ற முழுமையான மென்பொருளைச் சிங்கப்பூரின் பேண்ட்லேப் இலவசமாக்கியது. உரிமம் இல்லாத பிரதிகளில் வேலை கற்ற ஒரு தலைமுறையும் இடையில் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. சென்னைக்கு நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் உள்ளவருக்குப் பயணமும் தங்கலும் கால்ஷீட் வாடகையும் இல்லாமல் பாட்டு முடிகிறது என்பது சிறிய செய்தி அல்ல. கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்ட ஹிப்ஹாப் தமிழா 2012-ல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ தொகுப்பைக் கொண்டுவந்தது கோடம்பாக்கத்தின் வாசலில் காத்திருக்காமல்தான்.

ஆனால் இறங்கியது மென்பொருளின் விலை மட்டும் என்பதையும் பார்க்க வேண்டும். தறி ஓடும் தெருவில் பகலில் மைக் வைத்தால் குரலோடு தறிச் சத்தமும் விழும். விசைத்தறியின் சீரான ஓட்டத்தையாவது மென்பொருளின் இரைச்சல் நீக்கி ஓரளவு அடையாளம் கண்டு குறைக்கும். கைத்தறியின் மிதிக்கும் பலகைக்கும் இடையே வரும் அடி ஒவ்வொன்றும் வேறு வேறு, அதை நீக்கப்போனால் குரலின் ஓரமும் சேர்ந்து போகும். நெடுஞ்சாலை ஒரு பக்கம், கோயில் விழா ஒலிபெருக்கி ஒரு பக்கம். கனத்த சுவர், தாழிட்டால் வெளி உலகம் அடங்கும் கதவு, எதிரொலி அடக்கிய அறை இவற்றின் விலை 1991-லிருந்து ஏறித்தான் வந்திருக்கிறது. அதனால்தான் சிறிய ஊர்களில் வீட்டுப் பதிவு பெரும்பாலும் கீபோர்டையும் கணினிக்குள் இருக்கும் வாத்திய ஒலிகளையும் நம்பியிருக்கிறது. மைக் வேண்டியிருப்பது ஒரு குரலுக்கு மட்டும். இதன் விளைவு யோசிக்க வைப்பது. திண்டுக்கல் சமவெளியில் தவிலும் நாகசுரமும் பறையும் உறுமியும் வாசிக்கிறவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்க, பாட்டில் ஏறுவது எங்கோ ஒரு கூடத்தில் பதிந்து விற்கப்பட்ட தவில் லூப், திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒலித்துண்டு. இடம் விடுதலை ஆயிற்று என்று சொல்லும்போது எது விடுதலை ஆயிற்று என்று கேட்டே ஆக வேண்டும். பாடுகிறவருக்கும் மெட்டுப் போடுகிறவருக்கும் கதவு திறந்தது. சத்தமாக ஒலிக்கும் தோல் வாத்தியக்காரருக்கு அதே கதவு இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டது.

பறையை எடுத்துக்கொண்டால் இந்த மென்பொருளின் இன்னொரு குணமும் வெளிப்படும். எல்லா முடிவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் கருவி, ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்கிறது: காலப்பிரமாணம். புதிய கோப்பைத் திறந்தால் பெரும்பாலான மென்பொருள்களில் நிமிடத்துக்கு 120 அடி, நான்கு எண்ணிக்கைத் தாளம் என்று எழுதியே வரும். சீக்வென்ஸர் வம்சத்தின் மிச்சம் இது. மாற்றலாம், ஆனால் ஏதோ ஒன்றை எழுதியாக வேண்டும். அதை ஒட்டித்தான் திரையில் கட்டங்கள் விழும், அடியை எண்ணிக் காட்டும் க்ளிக் ஒலிக்கும், லூப்புகள் பொருந்தும். பறையாட்டத்தில் அடிக்கிறவர் ஆடிக்கொண்டே அடிக்கிறார். இடதுகையில் மெலிந்து நீண்ட சிம்புக்குச்சி, வலதுகையில் குட்டையான அடிக்குச்சி. தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டி விறைப்பேற்றிக்கொள்வார். அடி மாறுவதை ஆட்டக்காரர்களின் சைகை தீர்மானிக்கிறது. வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதுதான் ஆட்டத்தின் உயிர். அவரை ஓர் அறையில் அசையாமல் நிறுத்தி, காதில் க்ளிக் மாட்டி, அடி விழும் கணமெல்லாம் அளவுமானி சிவப்பில் எரியாதபடி தள்ளி நின்று அடிக்கச் சொன்னால் பதிவாவது பறையின் ஒலி. பறையாட்டத்தின் காலம் பதிவாவதில்லை. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா 1990-ல் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து அதை மரியாதையின் கருவியாக்கிய அமைப்பு. இசையியலாளர் ஸோயி ஷெரினியன் அதைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். அந்தப் பெண்களின் ஆட்டத்தைப் பார்த்தால், காலப்பிரமாணம் அங்கே ஒருவர் எழுதிவைக்கும் எண்ணாக இல்லை, பத்துப் பன்னிரண்டு உடல்கள் ஒன்றையொன்று பார்த்து எடுக்கும் முடிவாக இருப்பது விளங்கும்.

க்ளிக்கை அணைத்துவிட்டுப் பதியலாமே, யார் தடுத்தது என்பது இதற்கு வரும் நியாயமான பதில். தடையில்லைதான். பார்க்கப்போனால் மென்பொருளின் கடந்த கால் நூற்றாண்டு வரலாறு, இந்தக் கடைசிப் பூட்டையும் கழற்றும் முயற்சியாகவே இருக்கிறது. 1997-ல் ஆட்டோ-ட்யூன் வந்து சுருதியைப் பிறகு சரிசெய்ய வைத்தது. 2001-ல் ஏபிள்டன் லைவ், பதிந்த ஒலியைச் சுருதி கெடாமல் நீட்டவும் சுருக்கவும் விட்டது. அதே ஆண்டில் மெலடைன், பாடிய ஒவ்வொரு சுரத்தையும் தனியாகப் பிடித்து நகர்த்தக் கொடுத்தது. பின்னர் வந்த பதிப்புகள், ஆட்டத்தின் வேகத்தைத் தாமே அளந்து கட்டங்களை அதற்கேற்ப வளைக்கக் கற்றுக்கொண்டன. 2023 நவம்பரில் பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ பாட்டுக்காக, ஜான் லெனன் 1970-களில் வீட்டில் பியானோவோடு பதிந்த கேசட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்தார்கள். 2024-ல் அதே வகை வேலையை லாஜிக் மென்பொருள் வீட்டுக் கணினிக்கே கொண்டுவந்தது. எந்தச் சுரம், எந்த டேக், எந்தச் சுருதி, எந்த வேகம், இப்போது கலந்து முடித்த பாட்டைத் திரும்பப் பிரிப்பது வரை, ஒவ்வொரு முடிவாக முன்னாலிருந்து பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. இந்த வரிசையே என் வாதத்துக்குப் போதுமான சான்று. ஆனால் திண்டுக்கல் பறைக்கு இதனால் தானாக நன்மை வந்துவிடாது. வசதி இருந்தும் பெரும்பாலோர் கோப்பைத் திறந்தவுடன் வரும் கட்டத்திலேயே வேலையைத் தொடங்குகிறார்கள். வாங்கிய லூப்பும் அந்தக் கட்டத்துக்குத்தான் பொருந்தும். பறைக்காரரை முதலில் அடிக்கவிட்டு, அவர் வேகத்தின் மேல் மற்றதை அடுக்குவது இன்று முடியும். அதை ஒரு வழக்கமாக்க வேண்டியது இசையமைப்பாளர்கள்தான்.

கடைசியாக, வேலை போனதைப் பற்றிய மனக்குறை. கணினி வயலின் குழுக்களின் சோற்றில் மண் போட்டது என்ற பேச்சு 1990-களிலிருந்து சென்னையில் உண்டு, அதில் உண்மையும் உண்டு. நெசவாளருக்கு விசைத்தறியிடமிருந்து கொஞ்சமாவது தடுப்பு வேண்டும் என்று 1985-ல் நாடாளுமன்றம் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. எந்தெந்த ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று பட்டியல் போட்டது. வாத்தியக்காரருக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை, இருந்திருந்தாலும் இசையில் அதை நடைமுறைப்படுத்துவது சாத்தியமில்லை. ஆனால் வேலை இழப்பைவிட ஆழமான சிக்கல் கூலியின் அடிப்படையில் இருக்கிறது. தென்னிந்தியத் திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டிய எம்.பி. ஸ்ரீநிவாசன் காலத்துப் போராட்டங்கள் கூலியைக் கால்ஷீட்டோடு முடிச்சுப் போட்டன. வாசித்த நேரத்துக்குப் பணம். பாட்டு அந்த நேரத்துக்குள்ளேயே முடிந்துபோன காலத்தில் அது நியாயமான ஏற்பாடு. முடிவு பதிவுக்குப் பின்னால் போன பிறகு நேரத்துக்கும் பயனுக்கும் உள்ள உறவு அறுந்துவிட்டது. ஒரு பிற்பகலில் பறைக்காரர் அடித்த அடிகளைத் தனித்தனியாக வெட்டி ஒலிக்களஞ்சியத்தில் வைத்தால், அவை எத்தனை பாட்டில் எத்தனை ஆண்டு ஒலிக்கும் என்பதை அவரால் அறியவே முடியாது. கூலி அந்தப் பிற்பகலுக்கு மட்டும்.

சட்டம் இதைக் கொஞ்சம் கவனித்திருக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தன் நிகழ்ச்சி வணிகப் பயனுக்குப் போனால் உரிமத்தொகை பெறும் உரிமை நிகழ்த்துகிறவருக்கும் கிடைத்தது. பாடகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு 2013-ல் இஸ்ரா என்ற அமைப்பாகத் திரண்டார்கள். வாத்தியக்காரரும் சட்டத்தின் பார்வையில் நிகழ்த்துகிறவரே. ஆனால் திரைப்படத்தைப் பொறுத்தவரை அதே சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: தற்செயலாகவோ துணையாகவோ பங்கெடுத்து, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் எங்கும் குறிப்பிடப்படாதவர் நிகழ்த்துகிறவராகக் கருதப்படமாட்டார், தன் நிகழ்ச்சியைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை மட்டுமே அவருக்கு மிஞ்சும். ஆகவே பாட்டின் அடியில் பறை இன்னார், தவில் இன்னார் என்று ஒரு வரி போடுவதை மரியாதைக்காகச் செய்யும் காரியமாக நினைப்பது போதாது. பின்னாளில் உரிமை கேட்பதற்கான பிடி அந்த வரியில் இருக்கிறது. கேசட்டின் உள்ளட்டையில் அந்த வரிக்கு இடம் இருந்தது. பாட்டு கைபேசிக்குப் போனபோது அந்த இடத்துக்கு என்ன ஆயிற்று என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.